முதல் படலம்: கலப்புலோகப் பரப்பில் ஆக்சிஜனும் தொடக்கநிலை அரிமானமும்

முன்னுரை

வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கடற்காற்றுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. பாம்பனைச் சுற்றிலும் கடல். இரண்டு ஊர்க் காற்றிலும் ஆக்சிஜனின் அளவு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆனால் ஒரே உருக்குத் தகட்டை இரண்டாக வெட்டி, இரண்டு ஊரிலும் வெட்டவெளியில் வைத்தால் பாம்பன் துண்டே விரைவில் துருவேறும். ஆகவே அரிமானத்தின் வேகத்தை ஆக்சிஜனின் அளவைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. உலோகப் பரப்பில் ஆக்சிஜன் முதலில் கட்டும் படலம் எத்தகையது, நீரும் உப்பும் அதை விட்டுவைக்கின்றனவா என்பவையே வேகத்தை முடிவு செய்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

படலம் பிறக்கும் விதம்

புதிதாக வெட்டிய உலோகப் பரப்பு காற்றில் வெறுமையாக இருப்பதில்லை. மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொள்வதாகக் கொண்டால், பரப்பை ஓர் அணு அடுக்கு ஆக்சிஜன் மூடச் சில நானோநொடிகளே போதும். ஆக்சிஜன் மூலக்கூறு பரப்பில் படிந்து, உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களைப் பெற்று இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. பின்னர் உலோக அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் இடம் மாறி, மெல்லிய ஆக்சைடு உருவாகிறது.

அதன் வளர்ச்சி ஏன் தொடர்ந்து நீள்வதில்லை? கேப்ரேரா, மாட் இருவரும் 1949இல் வெளியிட்ட கோட்பாடு இதற்கு விடை தருகிறது. உலோகத்தின் எலக்ட்ரான்கள் மெல்லிய ஆக்சைடை ஊடுருவி வெளிப்பரப்பிலுள்ள ஆக்சிஜனை அடைகின்றன. அதனால் படலத்தின் குறுக்கே சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் அளவிலான மின்புலம் எழுகிறது. இந்தப் புலம்தான் அயனிகளை நகர்த்துகிறது. படலம் தடிக்கத் தடிக்கப் புலம் வலுவிழக்கிறது. அறை வெப்பநிலையில் சில நானோமீட்டர் தடிமனோடு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். உலர்ந்த காற்றில் சாதாரண இரும்புகூட இந்த மெல்லிய படலத்தோடு பளபளப்பாகவே இருக்கிறது. அதாவது, ஆக்சிஜன் தொடங்கிய வேலையை அது உண்டாக்கிய படலமே நிறுத்துகிறது.

முந்துவது எந்த உலோகம்?

கலப்புலோகத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது: ஆக்சிஜன் எந்தத் தனிமத்தோடு முதலில் சேரும்? அறை வெப்பநிலையில் ஒரு மோல் ஆக்சிஜன் ஆக்சைடாகும்போது கட்டிலா ஆற்றல் குறையும் அளவு, கிலோஜூலில், ஏறத்தாழ இப்படி அமைகிறது: அலுமினியத்துக்கு 1055, குரோமியத்துக்கு 705, துத்தநாகத்துக்கு 640, இரும்புக்கு 495, நிக்கலுக்கு 423, செம்புக்கு 292. எண் பெரிதானால் ஆக்சிஜன் மீதான நாட்டமும் மிகுதி.

ஆக்சிஜன் நாட்டமே அரிமானத்துக்குக் காரணமென்றால் இந்தப் பட்டியலில் அலுமினியம்தான் முதலில் அழிய வேண்டும். நம் அடுப்படியில் நடப்பது வேறு. அலுமினியச் சட்டி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது; ஈரத்தில் விட்ட இரும்புத் தோசைக்கல் மறுநாளே செம்பழுப்பாகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு அடர்த்தியாகப் படிந்து அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்புத் துருவோ நுண்துளைகள் மலிந்தது. நீரையும் ஆக்சிஜனையும் உள்ளே விடும்.

பித்தளையில் செம்பைவிடத் துத்தநாகம் ஆக்சிஜனோடு விரைந்து சேரும். ஆனால் துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரையும். புளி போட்டுத் தேய்த்த குடம் பளிச்சென்று மின்னுவது, புளியின் அமிலம் பழைய ஆக்சைடைக் கரைத்துவிடுவதால்தான். அதே பித்தளை உப்புநீரில் நெடுநாள் கிடந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, வலுவற்ற செம்பு எஞ்சும். ஆக, முந்திச் சேர்வது மட்டும் காப்புக்குப் போதாது. உண்டாகும் ஆக்சைடு கரையாமலும் நிற்க வேண்டும்.

எவர்சில்வர் மூன்றாவது நிபந்தனையைக் காட்டுகிறது. குரோமியம் சேர்த்த துருவேறா உருக்கை 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார். குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டை எட்டினால்தான் அந்தக் குணம் வருகிறது. அதற்குக் குறைந்தால் அந்தக் காப்பு கிடைப்பதில்லை. இப்படியொரு வரம்பு ஏன்? 1986இல் சீராட்ஸ்கியும் நியூமனும் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். பரப்பில் குரோமிய அணுக்கள் சிதறிக் கிடந்தால் பயனில்லை. ஒன்றையொன்று தொட்டு அறுபடாத வலையாகும் அளவுக்கு இருந்தால்தான், இடையிலுள்ள இரும்பு கரைந்ததும் எஞ்சும் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து தொடர்ச்சியான படலமாகும். முந்துதல், கரையாமை, தொடர்ச்சி: முதல் படலம் காப்பாக நிற்க இம்மூன்றும் வேண்டும்.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அழிவு

நீர் வந்ததும் நிலைமை மாறுகிறது. யூலிக் எவான்ஸ் 1920களில் செய்துகாட்டிய சோதனையை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் செய்து பார்க்கலாம். தேய்த்துத் துடைத்த இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர் விட வேண்டும். அதில் சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபீனால்ஃப்தலீனும் கலந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் துளியின் நடுவே நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படியும். காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கும் விளிம்பில் அது எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சைடு ஆகிறது; அந்தக் காரத்தன்மையே இளஞ்சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த நடுவில் இரும்பு கரைகிறது, அதுவே நீலம். ஆக்சிஜன் நிறைந்த இடம் காக்கப்பட, குறைந்த இடம் அழிகிறது. தளர்ந்த போல்ட்டின் வாஷருக்கு அடியிலும் இடுக்குகளிலும் முதலில் குழி விழுவதற்கு இதுவே காரணம்.

பாம்பனின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்து நீராகும். அதனால் உப்புப் படிந்த உருக்கு வெயிலிலும் முழுதாக உலர்வதில்லை. குளோரைடு அயனியோ படலத்தின் நலிந்த புள்ளிகளை உடைத்து, மீண்டும் மூடவும் விடுவதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் தூக்குப் பகுதியின் அரிமானமே காரணம். 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் துருவேறா உருக்குக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்பட்டுள்ளன.

ஒரு மறுப்பு

குரோமியமே இல்லாத டெல்லி இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கிறதே என்று கேட்கலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்தார். அந்த இரும்பில் சுமார் 0.25 விழுக்காடு பாஸ்பரஸ் உண்டு. நனைந்து நனைந்து உலரும்போது பாஸ்பரஸ் துணையால் அடர்த்தியான காப்புப் படலம் மெல்ல உருவாகியது. டெல்லியின் வறண்ட காற்றும் உதவியது. முதல் படலமே இறுதி முடிவு என்று எல்லா உலோகத்துக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது என்பதை இத்தூண் உணர்த்துகிறது. இருந்தும் அதைக் காப்பது படலத்தின் தன்மைதான். இதே தூணைக் கடலோரத்தில் நட்டிருந்தால் அந்தப் படலம் கட்டுவதற்கான அவகாசம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

முடிவுரை

இந்த வாதத்துக்குப் பட்டறை அளவிலும் பயன் உண்டு. எவர்சில்வர் தொட்டியை வெல்டிங் செய்யும்போது இணைப்பின் ஓரத்தில் வைக்கோல் மஞ்சளும் நீலமுமாக ஒரு பட்டை தோன்றும். சூட்டில் தடித்த ஆக்சைடு அது. அதன் அடியில் குரோமியம் குறைந்த தோல் இருப்பதால் குழியரிமானம் அங்கேதான் முதலில் பிடிக்கும். அமிலப் பசை தடவி அந்தப் பட்டையை நீக்கிக் கழுவினால், ஆக்சிஜன் புதிய பரப்பில் நல்ல படலத்தைக் கட்டிக்கொள்ளும். நிறம் அழகாக இருக்கிறதென்றோ நேரமில்லையென்றோ இதை விட்டுவிடக் கூடாது.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நாட்டின் அரிமான வரைபடத்தை உருவாக்கியது. பாம்பனுக்கு எதிர்க்கரையிலுள்ள மண்டபத்தில் அதற்கு ஆய்வு நிலையமும் உண்டு. வெளிக்காற்றில் வைத்த தகட்டின் எடையிழப்பை ஆண்டுக்கணக்கில் அளப்பது இத்துறையில் நிலைபெற்ற முறை. அத்துடன், தகடு வெளிக்காற்றைச் சந்தித்த முதல் மணியிலும் முதல் நாளிலும் முதல் வாரத்திலும் படலத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்பதை எக்ஸ்கதிர் ஒளிமின்னணு நிறமாலையால் பதிவு செய்ய வேண்டும். மண்டபத்துக்கு இணையாகச் சுந்தரபாண்டியம் போன்ற ஓர் உள்நாட்டு ஊரிலும் அதே தகடுகளை வைத்து ஒப்பிட்டால், உப்பும் ஈரமும் படலத்தைக் குலைக்கத் தொடங்கும் நேரத்தை வரையறுக்கலாம். பூச்சு அடிக்க எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம் என்பதற்கான விதி அந்தத் தரவிலிருந்து வரட்டும்.