பூவேலைக்கு அடியில் ஒரு காப்புரிமை வழக்கு

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருடைய வீடுகளில் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். காரணம் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு துப்பாக்கியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அதன் உலோகத்தில் ஒரு சட்டச் சண்டையின் தழும்பு இருக்கிறது.

அது கோல்ட் நிறுவனத்தின் 1851 'நேவி' ரிவால்வர். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள், லண்டனிலும் கொஞ்சக் காலம் செய்தார்கள். ஆகவே சாதாரண நேவி அபூர்வமான பொருள் இல்லை. கையால் செதுக்கிய பூவேலை உள்ள நேவி குறைவு. பூவேலையும் இருந்து, பிறகு தோட்டா போடும்படி மாற்றவும்பட்ட நேவி இன்னும் குறைவு.

ஏன் மாற்றவேண்டி வந்தது? முதலில் அந்த ரிவால்வர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். சுழலும் உருளையில் ஆறு குழிகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழேயுள்ள நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். பின்பக்கம் ஆறு சிறிய முனைகளில் ஆறு செம்பு மூடிகளைப் பொருத்த வேண்டும். சுத்தியல் மூடியில் அடிக்க, பொறி பறந்து மருந்து பற்றும். மழையில் மருந்து நனைந்தால் கதை முடிந்தது. குதிரையில் போய்க்கொண்டே இதைச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள்!

மருந்து, குண்டு, பொறி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்த தோட்டா அப்போதே வந்துவிட்டது. அதைப் பின்பக்கமாகப் போட, உருளையை முன்னிருந்து பின்வரை முழுதாகத் துளைத்தால் போதும். இவ்வளவு எளிய விஷயத்தைக் கோல்ட் ஏன் செய்யவில்லை?

செய்ய முடியவில்லை என்பதுதான் பதில். முன்பு கோல்ட் தொழிற்சாலையில் வேலை செய்த ரொலின் வைட் என்பவர் 1855 ஏப்ரலில் ஒரு காப்புரிமை எடுத்தார். அவர் வரைந்த துப்பாக்கி நடைமுறைக்கு உதவாத ஒன்று. ஆனால் முழுதாகத் துளைத்த உருளை என்ற யோசனையும் அந்தக் காப்புரிமைக்குள் இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வைட்டுக்கு. யாராவது காப்பியடித்தால் வழக்குப் போடுவது வைட்டின் பொறுப்பு, செலவும் அவருடையதே. என் பார்வையில் அந்த ஒப்பந்தத்தில் கெட்டிக்காரத்தனம் முழுவதும் ஒரு பக்கத்தில்தான் இருந்தது.

விளைவு என்ன தெரியுமா? பிரான்சில் லெஃபோஷே 1854-லேயே உலோகத் தோட்டா ரிவால்வர் செய்துவிட்டார். ஆனால் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், பெரும்பாலான ரிவால்வர்களுக்கு வீரர்கள் மருந்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். வைட்டின் காப்புரிமை 1869-ல் முடிந்தது. அதை நீட்டித்துத் தரும்படி அவர் நாடாளுமன்றத்தில் கேட்டார், மசோதாவும் நிறைவேறியது. 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் அதைத் தடுத்துவிட்டார். போரில் படை நடத்திய தளபதி அவர். அந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் அரசு போதுமான அளவு பட்டுவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

சாமுவேல் கோல்ட் 1862-லேயே இறந்துவிட்டார். வழி திறந்தபோது அவருடைய நிறுவனத்தில் பழைய பாகங்கள் குவிந்து கிடந்தன. சார்ள்ஸ் ரிச்சர்ட்ஸ், வில்லியம் மேசன் என்ற இரு பொறியாளர்கள் அவற்றைப் பயன்படுத்த வழி கண்டார்கள். உருளையின் பின்பகுதியை அறுத்து எடுத்தார்கள், அந்த இடத்தில் ஒரு வட்டத் தட்டைப் பொருத்தினார்கள். பக்கத்தில் தோட்டா போட ஒரு சின்னக் கதவு. நெம்புகோல் இருந்த இடத்தில் வெறும் கூட்டைத் தள்ளி வெளியேற்ற ஒரு கம்பி. 1873-ல் புதிய மாடல் வரும்வரை இது ஒரு இடைக்கால ஏற்பாடு.

இனிப் பூவேலைக்கு வருவோம். நேவியின் உருளையில் கப்பல்கள் சண்டையிடும் படம் இருக்கும். 1843 மே 16-ல் டெக்சஸ் கடற்படை மெக்சிகோவுடன் மோதிய சண்டை அது. பலர் இதைக் கைவேலை என்று நினைக்கிறார்கள், அப்படியல்ல. வங்கி நோட்டுகளுக்கு அச்சு செதுக்கிய ஓர்ம்ஸ்பி செய்த அச்சை உருட்டிப் பதித்தார்கள். சாதாரண நேவியிலும் அது உண்டு. கையால் செதுக்கியது குழலிலும் சட்டகத்திலும் படரும் இலைச்சுருள்கள். அந்த வேலையில் பெயர்பெற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்த குஸ்டாவ் யங். பிற்காலத்தில் அவர் ஸ்மித் அண்ட் வெஸனுக்கும் செதுக்கினார் என்பது வேடிக்கை.

மாற்றப்பட்ட துப்பாக்கியில் உற்றுப் பார்க்கவேண்டிய இடம் அந்த வட்டத் தட்டும் அதை ஒட்டிய சட்டகமும். இலைச்சுருள் தட்டின்மேலும் தடையில்லாமல் தொடர்ந்தால், மாற்றிய பிறகு செதுக்கியிருக்கலாம், அல்லது மாற்றியவர் மறுபடி செதுக்குபவரிடம் கொடுத்திருக்கலாம். சுருள் பாதியில் வெட்டுப்பட்டு, பக்கத்தில் தட்டு மொட்டையாக இருந்தால், யாரோ ஒருவர் ஆசையாக வாங்கிய அழகான பொருளை வேறு வழியில்லாமல் அறுக்கக் கொடுத்திருக்கிறார். அலங்காரத்துக்கு வைத்திருந்தவர் அதைச் செய்யமாட்டார். அதைச் சுடப் பயன்படுத்தியவர்தான் செய்வார்.

கோல்ட்டின் மனைவி எலிசபெத் தங்கள் சேகரிப்பை ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வர்த் அதீனியம் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். வைட்டுக்கு மொத்தமாகக் கிடைத்தது சுமார் 71,000 டாலர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள், அதிலும் பெரும்பங்கு வழக்குகளுக்கே போனது.