தாம்பரம் வட்டாரத்தில் மனச்சோர்வு மருந்துப் பயன்பாடு

மனச்சோர்வு மருந்துகள் என்பவை நீடித்த மனச்சோர்வு, பதற்றம், திகில் தாக்கம் முதலிய நோய்களுக்கு மனநல மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகள். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து வகைப்பாட்டில் இவை என்06ஏ என்ற குறியீட்டில் அடங்கும். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர், கேளம்பாக்கம் எனப் பரந்த தென்சென்னைப் புறநகரில் இவற்றை யார், எவ்வளவு உட்கொள்கிறார்கள் என்பதற்கான தரவுகள் சிதறிக் கிடக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளின் மருந்துப் பயன்பாட்டு ஆய்வுகளில் கொஞ்சம், மாநகர அளவிலான மக்கள் ஆய்வுகளில் கொஞ்சம் என்றுதான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இம்மருந்துகளின் வரலாறோ காசநோய் மருத்துவமனைகளில் தொடங்குவது. தாம்பரத்தின் பெயரைப் பரப்பியதும் ஒரு காசநோய் மருத்துவமனையே.

சானடோரியமும் முதல் மருந்தும்

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய தமிழ் மருத்துவர். 1917இல் கணிதமேதை இராமானுசன் அவரிடம் சிகிச்சைக்காகத் தங்கினார். போர்க்கால உணவுத் தட்டுப்பாடு, குளிர், தனிமை எல்லாம் சேர்ந்து இராமானுசனை வாட்டின. 1918இல் அவர் இலண்டனில் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். நெஞ்சுநோயும் மனச்சோர்வும் ஒரே உடலில் குடியிருப்பதைச் சௌரிமுத்துவின் தலைமுறை அறிந்தே இருந்தது. அதற்கு அவர்கள் கையில் இருந்தவை திறந்த காற்று, ஓய்வு, பால், முட்டை ஆகியவைதாம். அதே முறையில், பச்சைமலை அடிவாரத்தில் 1928இல் 12 படுக்கைகளுடன் சௌரிமுத்து தொடங்கியதே தாம்பரம் சானடோரியம். 1937இல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆனால் ரயில் நிலையமும் ஊர்மக்களும் இன்னும் ‘சானடோரியம்’ என்றே சொல்கிறார்கள்.

முதல் மனச்சோர்வு மருந்து பிறந்தது வேறொரு சானடோரியத்தில். 1912இல் பிராகு நகரில் தயாரிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த ஐசோனியசிட் என்ற வேதிப்பொருள் காசக்கிருமியைக் கொல்லும் என்று 1951-52இல் தெரியவந்தது. அதன் நெருங்கிய உறவான இப்ரோனியசிட் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது. இர்விங் செலிகாஃப், எட்வர்ட் ராபிட்செக் ஆகியோர் அங்கு கண்டது நுரையீரல் குணமாவதை மட்டுமன்று. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், பசி எடுத்துச் சாப்பிட்டார்கள், கூடத்தில் ஆடினார்கள். பத்திரிகைகள் அந்தக் காட்சியைப் படமெடுத்துப் போட்டன. முதலில் மருத்துவர்கள் இதைப் பக்கவிளைவென்றே குறித்தனர். மோனோ அமின் ஆக்சிடேஸ் என்ற நொதியை இந்த மருந்து முடக்குகிறது என்று எர்ன்ஸ்ட் செல்லர் 1952இல் காட்டினார். 1957இல் நேத்தன் கிளைன் குழுவினர் இதை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டனர். அடுத்த ஓராண்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை உட்கொண்டதாகக் கணக்கு. கல்லீரலைக் கெடுப்பது தெரிந்து 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் 1957இல் அறிவித்த இமிப்ரமினை முதல் மருந்தாகச் சொல்வோரும் உண்டு. எனினும் முதலிடம் இப்ரோனியசிட்டுக்கே உரியது.

ஐசோனியசிட் தமிழ்நாட்டுக்கு விரைந்து வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ். மருந்தும் பெற்ற 193 நோயாளிகளை வீட்டில் ஒரு பாதி, சானடோரியத்தில் ஒரு பாதி எனப் பிரித்து ஓராண்டு கவனித்தது. வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சை சளைத்ததன்று என்ற 1959ஆம் ஆண்டு முடிவு, சானடோரியங்களின் காலத்துக்கே உலகெங்கும் முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தவை சளிக்கிருமியும் எக்ஸ்ரேயும்தாம், மனநிலையை அன்று.

நெஞ்சக நோயாளிகளும் மனச்சோர்வு மருந்தும்

தாம்பரம் மருத்துவமனை 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடமானது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் அதுவும் ஒன்று. அப்போதைய கூட்டில் இருந்த ஸ்டாவுடின் கால் எரிச்சலைத் தந்தது. எரிச்சலுக்கு உலகெங்கும் எழுதப்பட்ட மாத்திரைகளில் ஒன்று அமிட்ரிப்டிலின். அது ஒரு பழைய மனச்சோர்வு மருந்து. காசநோயும் உள்ளவர்களுக்குத் தரப்பட்ட எஃபாவிரன்சோ கெட்ட கனவுகளையும் மனச்சோர்வையும் தூண்டக்கூடியது. ஒரு மாத்திரை சோர்வைத் தர, சோர்வுக்கான மாத்திரை காலெரிச்சலுக்குப் போனது என்பது இத்துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

மருந்தெதிர்ப்புக் காசநோயில் சிக்கல் இன்னும் கூர்மையானது. சைக்ளோசெரின் மனநிலையைக் குலைக்கும். லினசோலிட், இப்ரோனியசிட்டைப் போலவே, ஆனால் வலுக்குறைவாக, மோனோ அமின் ஆக்சிடேசை முடக்கும். அது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளுடன் சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கி, பல மனச்சோர்வு மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே காசநோய் மருத்துவர் இம்மருந்துகளை எழுதத் தயங்குகிறார், ஆய்வு நடத்துவோரும் இவற்றை உட்கொள்பவர்களைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஒவ்வொரு நோயாளியிடமும் உடல் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. மனநிலை பற்றிய கேள்வி அதில் இல்லை.

தரவு திரட்டும் முறை

புறநகரிலுள்ள மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் துறையினர் செய்யும் ஆய்வுகளின் மூலப்பொருள் புறநோயாளிக்கு எழுதித் தரும் ஓ.பி. சீட்டு. ‘எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., 0-0-1, 30 நாள்’ என்ற ஒரு வரியிலிருந்து மருந்து, அளவு, வேளை, காலம் நான்கும் கிடைக்கும். இவை உலக சுகாதார நிறுவனம் நிர்ணயித்த நாளளவோடு ஒப்பிடப்படும்: எஸ்சிட்டலோபிராமுக்கு 10, ஃப்ளுவாக்செடினுக்கு 20, செர்ட்ரலினுக்கு 50, அமிட்ரிப்டிலினுக்கு 75 மில்லிகிராம். சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ எழுதும் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் இந்தக் கணக்கில் ஏழரையில் ஒரு பங்கு நாளளவாக விழுகிறது. அவருக்கு மனச்சோர்வு இருக்க வேண்டியதே இல்லை. எஸ்சிட்டலோபிராமும் பதற்றம் தணிக்கும் குளோனசிபாமும் கலந்த ஒற்றை மாத்திரைகள் கணக்கை மேலும் குழப்புகின்றன. நோயாளியிடமே கேட்டால் ‘தூக்க மாத்திரை’ என்பார். இந்தியாவில் நடந்த சீட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராமே முந்தி நிற்கிறது. இவ்வகை ஆய்வுகள் பொதுவாக ஒரே மருத்துவமனை, சில மாதங்கள், சில நூறு சீட்டுகள் என்ற அளவினவை. சீட்டு எழுதியதைச் சொல்லுமே தவிர விழுங்கியதைச் சொல்லாது.

மக்கள் ஆய்வுகளில் முக்கியமானது 2009இல் வெளியான ‘க்யூர்ஸ்’ ஆய்வு. சென்னையில் 25,455 பேரிடம் வினாப்பட்டியல் மூலம் கேட்டதில் 15.1 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு தென்பட்டது (பெண்கள் 16.3, ஆண்கள் 13.9). வருமானம் குறைந்தவர்களிடையே 19.3, மிகுந்தவர்களிடையே 5.9. தாம்பரம் பற்றிய எழுத்துகளிலும் இவ்வெண்கள் தாராளமாக எடுத்தாளப்படுகின்றன. ஆனால் ஆய்வு நடந்தது அன்றைய மாநகராட்சியின் 155 வார்டுகளில் 46இல். தாம்பரம் அந்த எல்லைக்கு வெளியே தனி நகராட்சியாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நேர்காணல் முறையில், நாட்டில் அவ்வேளை மனச்சோர்வு உடையோர் 2.7 விழுக்காடு என்றும் அவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது. 15.1, 2.7 என்ற இரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவில் கேட்ட முறைக்கும் பங்குண்டு. இம்மருந்துகள் வேண்டாதவர்களுக்கு அள்ளி எழுதப்படுகின்றன என்ற புகார் உண்டென்றாலும், வேண்டியவர்களுக்குப் போய்ச் சேராததே பெருங்குறை.

இன்றைய நிலை

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் 14416 என்ற தொலைபேசி எண் வழியாகவும் ஆலோசனை கிடைக்கிறது. ஃப்ளுவாக்செடின், எஸ்சிட்டலோபிராம், அமிட்ரிப்டிலின் மூன்றும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. பழைய சீட்டை நீட்டித் தனியார் மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்குவோர் ஓ.பி. சீட்டுக் கணக்கில் வருவதில்லை.