வெளியும் உள்ளும்: இணைய மொழிகளில் முழுதளாவிய மாறி

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் ஓர் எல்லையை நன்கறிவர். பிரதேச சபைகளுக்கு அவர்கள் வாக்களித்தனர். எனினும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபை நிதி லயன்களுக்குள் வராது தடுக்கப்பட்டது. 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. அங்கே அநீதியாயிருந்த எல்லை, கணினி நிரலிலே காவலாகவும் அமையக்கூடும்.

நிரலின் வெளியே மதிப்பளித்த மாறி, சார்பினுள்ளே தெரியுமா? தெரியும் என்றது சீ மொழி. 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பீஎச்பி, சீயைப் பெரிதும் தழுவியும், இவ்விடத்தில் விலகிற்று. 'குளோபல்' என்னுஞ் சொல்லாற் பெயர்சுட்டி அழைத்தாலன்றி வெளி மாறி உள்ளே வராது. அழையாது அப்பெயரைக் கையாண்டால் வெறுமையே எஞ்சும். புதிதாகப் பயில்வோர் இடறுவதும் இங்கேதான்.

அதே ஆண்டிற் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்டில் வெளி மாறி தடையின்றி உட்புகும். அதுமட்டுமன்று, சார்பினுள்ளே 'வார்' என அறிவியாது மதிப்பளித்த பெயரும் வெளியே கசிந்து முழுதளாவியதாகும். இரு நிரல்கள் ஒரே பெயரைக் கொண்டால், ஒன்றன் மதிப்பை மற்றது அழித்துவிடும். 2009இல் வந்த கண்டிப்பு நிலை, தன்னை ஏற்ற நிரல்களில் மட்டும் இதனைப் பிழையெனக் கொண்டது.

பீஎச்பியின் காவலும் குறைபாடுடையதே. 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்னும் அமைப்பு, இணைய முகவரியில் எவரோ எழுதிய பெயரையும் முழுதளாவிய மாறியாக்கிற்று. நிரலர் தொடக்க மதிப்பிட மறந்ததை அந்நியர் நிரப்பலாயிற்று. 2002இல் அது இயல்புநிலையில் முடக்கப்பட்டு, 2012இல் அறவே நீக்கப்பட்டது. உள்வாயிலை அத்துணை கவனமாய்க் காத்தவர்கள் தலைவாயிலைத் திறந்து வைத்திருந்தமை வியப்பே.