சார்ட்டர் பள்ளி என்றால் என்ன சார்?

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1988 எஸ்.எஸ்.எல்.சி. செட். அவன் மகள் அமெரிக்காவில், ஹூஸ்டனில் பட்டம் முடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகாமல், ஏதோ சார்ட்டர் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தப் போகிறேன் என்கிறாளாம். "அது கவர்மென்ட் ஸ்கூலா பிரைவேட்டான்னுகூட எனக்குப் புரியலை சார். நீங்க சொன்னா கேப்பா" என்றான். சொல்கிறேன் என்றேன். ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பள்ளிகளைப் பற்றி நிறையவே வாசித்திருக்கிறேன். ஆனால் போனில் சொல்லி முடிகிற கதையல்ல. அதனால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பணம் அரசாங்கத்துடையது, பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, நடத்துவது தனி அமைப்பு. மீதிப் பாதிதான் வித்தியாசம். பள்ளி நேரம், பாடம் நடத்தும் முறை, ஆசிரியர் நியமனம் என்று பல விதிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு, ஓர் ஒப்பந்தம். சொன்னபடி பிள்ளைகளைத் தேற்றவில்லை என்றால் பள்ளியை மூடிவிடலாம். அந்த ஒப்பந்தத்தின் பெயர்தான் சார்ட்டர். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல் முறையில் சேர்க்கை.

இது பணக்காரர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வாத்தியார் மூளையில் வந்தது. அதுவும் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவருடைய மூளையில்! ஆல்பர்ட் ஷங்கர் நியூயார்க்கில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வேலைநிறுத்தம் நடத்தி ஜெயிலுக்கும் போனவர். 1987இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பள்ளியைப் பார்த்தார். அங்கே ஓர் ஆசிரியர் குழு ஐந்தாம் வகுப்பில் ஒரு கூட்டம் பிள்ளைகளை ஏற்றால், பத்தாம் வகுப்புவரை அவர்களோடேயே போகும். யார் எதை எப்போது நடத்துவது என்பதைக் குழுவே முடிவு செய்யும். மறு வருடம், 1988 மார்ச்சில், வாஷிங்டனில் பேசும்போது ஷங்கர் கேட்டார்: வழக்கமான வகுப்பறையில் தேறாத பிள்ளைகளுக்காக, சில ஆசிரியர்கள் சேர்ந்து சிறிய பள்ளி ஒன்றை வடிவமைக்க ஏன் விடக்கூடாது? 'சார்ட்டர்' என்ற சொல்லை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட் முன்பே எழுதிவைத்திருந்தார். ஷங்கர் அதை எடுத்துக்கொண்டார்.

1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. மொத்தம் எட்டுப் பள்ளிகளுக்குத்தான் அனுமதி. நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. இதை நான் இரண்டு முறை படித்துச் சந்தோஷப்பட்டேன். 1992 செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் மிலோ கட்டர் என்ற ஆசிரியை முதல் பள்ளியைத் திறந்தார். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் சில டஜன் பேர், இடம் நகராட்சியின் பொழுதுபோக்கு மையக் கட்டடம். அவ்வளவுதான் ஆரம்பம்.

இனி அந்தப் பெண் இருக்கும் ஹூஸ்டனுக்கே வருகிறேன். 1992இல் மைக் ஃபைன்பெர்க், டேவிட் லெவின் என்று இரண்டு இளைஞர்கள், கல்லூரி முடித்த கையோடு, அங்கே ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக வந்தார்கள். வகுப்பைக் கட்டுப்படுத்தவே தெரியவில்லை. லெவின் வகுப்புக்கு எதிர்வகுப்பில் ஹாரியட் பால் என்ற கறுப்பின ஆசிரியை இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். வாய்ப்பாட்டையும் இலக்கணத்தையும் தாளம்போட்டுப் பாட்டாக்கிச் சொல்லித்தருவார். பிள்ளைகள் எழுந்து நின்று, கைதட்டி, மேசையைத் தட்டிக் கத்துவார்கள், ஆனால் ஒருவரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். இளைஞர்கள் இருவரும் அந்த அம்மாவிடம் பாடம் கற்றார்கள். 1994இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர்போலச் சேர்த்துக்கொண்டு 'கிப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே ஹாரியட் பாலின் பாட்டிலிருந்து வந்தது. காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை வகுப்பு, சனிக்கிழமையும் உண்டு. வீடுவீடாகப் போய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். 1995இல் லெவின் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸில் இன்னொன்றைத் தொடங்கினார். 2000இல் 'கேப்' துணிக்கடை முதலாளிகள் பணம் கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்க 200க்கும் மேற்பட்ட பள்ளிகள். ஹாரியட் பால் ஊர் ஊராக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து 2011இல் காலமானார்.

(நானும் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கைதட்டித்தானே சொல்லவைத்தேன்? ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் "இது வகுப்பா, பஜனை மடமா?" என்று கேட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.)

அடுத்தது நியூயார்க்கின் ஹார்லெம். ஜெஃப்ரி கனடா என்பவர் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். கைக்குழந்தையிலிருந்து கல்லூரிவரை கூடவே நிற்பேன் என்று சொல்லி 2004இல் சார்ட்டர் பள்ளி திறந்தார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் செட், எதிர்பார்த்த அளவு மதிப்பெண் எடுக்கவில்லை. 2007இல் அவர்கள் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது, ஒன்பதாம் வகுப்பு திறக்கப்போவதில்லை, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் அதே பள்ளியின் கணக்கு மதிப்பெண்கள் வியக்கும்படி உயர்ந்தன என்பதும் உண்மை. ஆனால் அந்த முதல் செட் பிள்ளைகள் அப்போது அங்கே இல்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம் குறையக்கூடாது என்பதற்காக, தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவோம். அல்லது "டி.சி. வாங்கிட்டு டுடோரியல்ல சேர்ந்து பிரைவேட்டா எழுதிக்கோ" என்போம். 'வோம்' என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் வகுப்பாசிரியர் என்று பட்டியல் தயாரித்தவன் நான். ஒரு வருடம் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அதில் ஒருவனுடைய அம்மா, இட்லிக் கடை வைத்திருந்தவர், வராந்தாவில் நின்று, "அவன் பெயில் ஆனாலும் பரவாயில்லைங்க சார், இங்கேயே எழுதட்டும்" என்றார். நான் தலைமையாசிரியர் அறையைக் கைகாட்டிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன். அந்த வருடம் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்த ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால், தம்பி, தப்பு என்னுடையது.

நியூ ஆர்லியன்ஸையும் சொல்ல வேண்டும். 2005இல் கத்ரீனா புயல் அந்த ஊரை மூழ்கடித்தது. அதன்பின் பள்ளிப் பணியாளர்கள் 7,000 பேருக்கு மேல் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அந்தத் தெருக்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சார்ட்டர் ஆயின, இன்று கிட்டத்தட்ட முழு ஊருமே அப்படித்தான். தேர்வு முடிவுகள் உயர்ந்தன, அதை மறுக்க முடியாது. வேலை போனவர்கள் தொடுத்த வழக்கு 2014இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆசிரியர் கையில் பள்ளி என்று தொடங்கிய யோசனை, ஆசிரியரே இல்லாமல் நடக்கும் என்ற இடத்துக்கு வந்து நின்றது. ஷங்கர் இதைப் பார்க்கவில்லை, 1997இலேயே போய்விட்டார். ஆனால் லாபத்துக்குப் பள்ளி நடத்தும் கம்பெனிகள் உள்ளே வருவதைக் கண்டு, தன் யோசனையையே எதிர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்.

சரி, பிள்ளைகளுக்கு நன்மையா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009இல் கணக்கெடுத்தபோது, அரசுப் பள்ளியைவிட மேலானவை 17 சதவீதம், மோசமானவை 37 சதவீதம், மற்றவை ஏறத்தாழச் சமம். 2015இல் நகரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது நிலைமை நன்றாக இருந்தது, குறிப்பாக ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு. 'கிப்' 2011இல் தன்னுடைய ஆரம்பகால மாணவர்களைத் தேடிப்பிடித்து, மூன்றில் ஒருவர்தான் நான்கு வருடக் கல்லூரிப் பட்டம் முடித்திருக்கிறார்கள் என்று தானே அறிவித்தது. அந்த வறுமையில் அது பெரிய எண். ஆனாலும் போதாது என்று அவர்களே சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அம்மாடி, நீ என்னை 'சார் தாத்தா' என்று கூப்பிடுகிறவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். போ. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் இன்டர்வியூவில் அவர்கள் உன்னைக் கேள்வி கேட்டு முடித்ததும் நீ ஒன்று கேள்: ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதே பிள்ளைகளில் எத்தனை பேர் எட்டாம் வகுப்பில் இருக்கிறார்கள், மீதிப்பேர் எங்கே போனார்கள்? அங்கே பதினைந்து இருபது வருடமாக வேலை பார்க்கும் டீச்சர் யாராவது இருந்தால், முதல் வாரமே அவர் வகுப்பில் போய் உட்கார். என்ன பதில் வந்தது என்று எனக்கு வாட்ஸ்அப்பில் எழுது. ராத்திரி பத்து மணிக்குள் என்றால் போனே செய்யலாம்.

ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இந்தப் பள்ளிகளை நேரில் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்