அழைக்கப் போன ஐவர்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வியாபாரக் கல்லூரியில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லாப நஷ்டக் கணக்கு என்றாலே எனக்குத் தலை சுற்றும். ஆனாலும் சில நாட்களாக அமெரிக்காவிலுள்ள ஒரு வியாபாரக் கல்லூரியின் சரித்திரத்தைப் படித்துக் கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, நல்ல நாவல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. அந்தக் கதையில் ஒரு பெரிய வாசல் இருக்கிறது. ஒரு நதி இருக்கிறது. நதிக்கு அக்கரையில் காத்திருந்த பெண்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பெண் இருக்கிறாள். நாவலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஹார்வர்டு சர்வகலாசாலையைப் பற்றி அறியாதவர்கள் நம்மில் குறைவு. அங்கே 1908-ஆம் வருஷத்தில் வியாபார நிர்வாகத்துக்கென்று தனிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். கிரேக்கமும் லத்தீனும் படிக்கிற இடத்தில் பலசரக்கு வியாபாரத்தைச் சொல்லிக் கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அப்போது உண்டு. அதையெல்லாம் மீறிக் கல்லூரி வளர்ந்தது. பிற்காலத்தில் சார்லஸ் நதியின் ஒரு கரையில் அதற்கென்று தனி வளாகமே எழும்பியது. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் பெரிய கம்பெனிகளின் தலைமை நாற்காலிகளில் போய் அமர்ந்தார்கள். அதனால், அந்த வாசலுக்குள் யார் நுழையலாம் என்ற கேள்வி வெறும் படிப்பைப் பற்றிய கேள்வியாக நிற்கவில்லை. ஒரு தேசத்தின் செல்வத்தை யார் ஆளுவது என்ற கேள்வியாகவே ஆகிவிட்டது.

அந்தக் கல்லூரியின் போதனா முறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1920-களில் அங்கே வேரூன்றிய முறை அது. ஆசிரியர் மேடையில் நின்று பிரசங்கம் செய்வதில்லை. ஏதாவது ஒரு கம்பெனிக்கு நேர்ந்த சங்கடத்தைச் சில பக்கங்களில் எழுதிக் கொடுத்து விடுவார்கள். ‘இந்த நிலையில் நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்பதுதான் கேள்வி. முடிவு மட்டும் எழுதப்படாத சிறுகதை என்று நான் அதைச் சொல்லுவேன். மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் வாதாட வேண்டும். அந்த வாதமே பாடம். நம் தேசத்தில் 1961-ல் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு ஆமதாபாத்தில் தொடங்கிய நிர்வாகக் கழகத்துக்கும் இதே முறை வந்து சேர்ந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே மாதிரி வீட்டில் பிறந்து, ஒரே மாதிரிப் பள்ளியில் படித்து, ஒரே மாதிரிக் கனவு கண்டவர்களாக இருந்தால், வாதம் எங்கிருந்து வரும்? சம்பளம் வாங்கிய கை ஒன்று, சம்பளம் கொடுத்த கை ஒன்று, கடையில் கடன் சொல்லி நின்ற கை ஒன்று என்று பல கைகள் உயர்ந்தால்தான் அந்தப் பாடம் பாடமாகும். தங்கள் போதனா முறைக்குள்ளேயே இந்த நியாயம் ஒளிந்திருப்பதை அந்தக் கல்லூரிக்காரர்கள் கண்டுகொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதலில் பெண்களின் கதை. 1937-ல் ஹார்வர்டின் சகோதரக் கல்லூரியான ராட்கிளிஃபில் பெண்களுக்கென்று ஓர் ஆண்டுப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆபீஸ்களில் சிப்பந்திகளைச் சேர்ப்பது, அவர்களை நிர்வகிப்பது போன்ற வேலைகளுக்கான பயிற்சி. வியாபாரக் கல்லூரியின் ஆசிரியர்களே நதியைக் கடந்து வந்து பாடம் நடத்தினார்கள். ஆனால் மாணவிகள் நதியைக் கடந்து போய்ப் பட்டம் வாங்க வழியில்லை! ஆசிரியருக்குப் பாலம் இருந்தது, மாணவிக்கு இல்லை. 1959-ல் ஒரு சலுகை கிடைத்தது. அக்கரையில் ஓர் ஆண்டு படித்து முடித்த பெண்கள் இக்கரையில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேரலாம் என்றார்கள். 1963-ல்தான் எட்டுப் பெண்கள் முதலாம் ஆண்டு வகுப்பிலேயே நேராகப் போய் உட்கார்ந்தார்கள். கல்லூரி தொடங்கி 55 வருஷம் கழித்து!

பெண்களுக்காவது ‘வராதே’ என்று விதி இருந்தது. விதி கண்ணுக்குத் தெரிகிற பொருள். அதை எதிர்த்து வாதாடலாம், மாற்றலாம். கறுப்பின மக்களின் கதை இதைவிடச் சிக்கலானது. அவர்கள் வரக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. 1915-லேயே கறுப்பினத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கதவின் வழியே வந்த கறுப்பின மாணவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். இது ஏன்?

இதற்கு விடை தேடப் போனால் நெய்லர் ஃபிட்ஸ்ஹ்யூ என்ற மனிதரைச் சந்திக்க வேண்டும். அவர் 1933-ல் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அவருடன் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பெரிய கம்பெனிகள் இருந்தன. இவருக்கோ கையில் ஹார்வர்டு பட்டமும் எதிரே சாத்திய கதவுகளும்தான் மிச்சம். சொந்த ஊரான வாஷிங்டனுக்குத் திரும்பினார். எங்களுக்கு வேலை கொடுக்காத கடையில் நாங்கள் சாமான் வாங்க மாட்டோம் என்று கறுப்பின இளைஞர்கள் அங்கே நடத்திய கிளர்ச்சியில் கலந்து கொண்டார். பிறகு கறுப்பின மக்களின் கல்விக் கூடமான ஹோவர்டு சர்வகலாசாலையில் 30 வருஷத்துக்கு மேல் வியாபாரப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1965-ல் பெப்ஸி கம்பெனி அவரை உயர்ந்த பதவிக்கு அழைத்துக் கொண்டது.

அவரிடம் படித்த மாணவிகளில் ஒருத்தி லிலியன் லிங்கன். வர்ஜீனியா மாகாணத்தில் பால்ஸ்வில் என்ற குக்கிராமத்தில் பிறந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நியூயார்க்குக்குப் போய்ப் பணக்காரர் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தாள். சில வருஷங்கள் கழித்துத்தான் ஹோவர்டில் சேர முடிந்தது. அவளுடைய திறமையைக் கண்டுகொண்ட ஃபிட்ஸ்ஹ்யூ, ‘நீ ஹார்வர்டுக்கு மனுப் போடு’ என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்ல அந்தக் கிராமத்தில் யார் இருந்தார்கள்? நியூயார்க் வீட்டு எஜமானி சொல்லியிருப்பாளா? சொல்லத் தகுதியுள்ள ஒரு மனிதர் அவள் வழியில் எதிர்ப்பட்டார். 1967-ல் அவள் ஹார்வர்டு வாசலில் போய் நின்றாள். 1969-ல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று பெயர் வாங்கினாள்.

வகுப்பிலே சுற்றிப் பார்த்தபோது தன்னைப் போன்ற இன்னொரு பெண் இல்லை. கறுப்பின ஆண்களும் நாலைந்து பேர்தான். எல்லோரும் கெட்டிக்காரர்கள். ‘நாம் உள்ளே வந்தாகிவிட்டது, படித்து முடித்துப் போய்ச் சேருவோம்’ என்று இருந்திருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தானே இருக்கிறோம்? ரயில் பெட்டியில் இடம் பிடிக்கிற வரையில் கதவைத் தட்டுவோம். உட்கார்ந்த பிறகு உள்ளே தாழ் போடுவோம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. லிலியனும், அவளுடன் படித்த கிளிஃபோர்டு டார்டன், தியடோர் லூயிஸ், ஜார்ஜ் பிரைஸ், ராய் வில்லிஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து கல்லூரித் தலைவர் ஜார்ஜ் பேக்கரிடம் போனார்கள். ‘எங்களைப் போன்றவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?’ என்பது அவர்கள் கொண்டு போன கேள்வியின் சாரம். 1968-ல் கறுப்பின மாணவர் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். தலைவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மாணவர்களே ஆள் தேடும் வேலையில் இறங்கினார்கள். அடுத்து வந்த வகுப்புகளில் கறுப்பின மாணவர்களின் தொகை பல மடங்கு பெருகியது.

ஏறத்தாழ இதே சமயத்தில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. அங்குள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஸ்டெர்லிங் ஷோன் என்று ஒரு பேராசிரியர். அமெரிக்கக் கம்பெனிகளின் நிர்வாகிகளிடையே கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட இல்லை என்பது அவர் மனத்தை உறுத்தியது. கம்பெனிக்காரர்களைக் கேட்டால், ‘படித்தவர்கள் கிடைக்கவில்லை’ என்பார்கள். கல்லூரிக்காரர்களைக் கேட்டால், ‘மனுப் போடுகிறவர்கள் இல்லை’ என்பார்கள். பையன்களைக் கேட்டால், ‘படித்தாலும் யார் வேலை கொடுக்கப் போகிறார்கள்?’ என்பார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளுகிற இந்த விளையாட்டை நிறுத்த ஷோன் மூன்று சர்வகலாசாலைகளை ஒன்று சேர்த்தார்: வாஷிங்டன், இந்தியானா, விஸ்கான்ஸின். 1966-ல் இந்தக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1967-ல் அதன் முதல் அணியாக 21 கறுப்பின இளைஞர்கள் படிக்கச் சேர்ந்தார்கள். உபகாரச் சம்பளம், படிப்புத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பயிற்சி, கம்பெனிகளோடு அறிமுகம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஏற்பாடு. 1970-ல் பெண்களுக்கும் மற்றச் சிறுபான்மையினருக்கும் அது விரிந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் அங்கம் வகிக்கின்றன.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று இங்கே திரையைப் போட்டுவிட்டால் நான் நேயர்களை ஏமாற்றியவனாவேன். இடம் குறைவாகவும் கேட்பவர் அதிகமாகவும் இருக்கிற இடத்தில், ஒருவரை உள்ளே அழைத்தால் இன்னொருவர் வெளியே நிற்கிறார். அந்த இன்னொருவருக்கும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு வைத்தியக் கல்லூரி 100 இடத்தில் 16 இடத்தைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கி வைத்தது. இடம் கிடைக்காத ஆலன் பேக்கி வழக்குத் தொடுத்தார். 1978-ல் உச்ச நீதிமன்றம், இத்தனை இடம் என்று ஒதுக்கக் கூடாது, ஆனால் பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் கவனிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2003-ல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கிலும் அதே வழி நிலைத்தது. அப்போது 65 பெரிய கம்பெனிகள் கல்லூரியின் பக்கம் நின்று மனுக் கொடுத்தன. ஒரு காலத்தில் ஃபிட்ஸ்ஹ்யூவுக்குக் கதவைச் சாத்திய கம்பெனி உலகம், 70 வருஷத்துக்குப் பிறகு, பல தரப்பட்ட மாணவர்கள் எங்களுக்கு வேண்டும் என்று கோர்ட்டுப் படி ஏறியது! இன்னும் 25 வருஷத்தில் இந்த ஏற்பாடே தேவைப்படாது என்று எதிர்பார்ப்பதாக அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓ’கானர் அம்மையார் குறிப்பிட்டார். 25 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. 20-ஆவது வருஷத்திலேயே, 2023-ல், ஹார்வர்டு வழக்கில் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இனத்தைக் கணக்கில் எடுத்துக் கொண்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; ஆனால் தன் இனத்தால் தன் வாழ்க்கையில் நேர்ந்தது என்ன என்று மாணவர் எழுதினால் அதைப் படிப்பதற்குத் தடையில்லை என்றது.

தீர்ப்பு சரியா தவறா என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. அந்தச் சர்ச்சை அமெரிக்காவில் இன்னும் ஓயவும் இல்லை. ஆனால் இந்தச் சரித்திரத்தைப் படித்த பிறகு எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகப் படுகிறது. கோர்ட்டுகள் இத்தனை வருஷமாக வாதாடியதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறவர்களில் யாரை எடுப்பது என்பதைப் பற்றி. பால்ஸ்வில் கிராமத்துப் பெண்ணின் பிரச்சினை அதற்கும் முந்தியது. அவள் வாசலுக்கே வந்திருக்க மாட்டாள். ‘அது நமக்கான இடம் இல்லை’ என்று தானே தீர்மானித்து, மனுப் போடாமலே இருந்துவிடுகிறவர்களின் பெயர் எந்தக் கல்லூரியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. தோற்றவர்கள் பட்டியலில்கூட அவர்களுக்கு இடமில்லை.

லிலியன் பின்னாளில், 1976-ல், சொந்தமாக ஒரு கம்பெனி நடத்தத் தொடங்கினாள். என்ன கம்பெனி தெரியுமா? கட்டிடங்களைச் சுத்தம் செய்து பராமரிக்கிற கம்பெனி! பிறர் வீட்டைப் பெருக்கியவள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தாள். 2001-ல் அந்தக் கம்பெனியை விற்றாள். இப்படி ஒரு முடிவை நானே கற்பனை செய்து எழுதியிருந்தால், பத்திரிகாசிரியர் ‘கொஞ்சம் மிகை’ என்று திருப்பி அனுப்பியிருப்பார். நடந்த கதையாக இருப்பதால் தப்பித்தேன்.