கொடியும் நெய்த கையும்

மூவேந்தர் கொடிகளில் வில்லும் புலியும் மீனும் விளங்கின என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அக்கொடிகளின் துணியை நெய்தவர் யாவர் என வினவுவார் இலர். அவ்வினாவை நாட்டு வினாவாக்கியது இருபதாம் நூற்றாண்டாகும்.

1921இல் காந்தியடிகள் இந்தியக் கொடியில் கைராட்டை இடம்பெற வேண்டுமென்றார். அந்நியத் துணியில் விடுதலைக் கொடி பறப்பது பொருந்தாது என்பது அக்காலத் தொண்டர் கொள்கை. 1943 அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூர்க் கேத்தே கட்டடத்தில் நேதாஜி தற்காலிக அரசை அறிவித்தார். அவ்வியக்கம் ஏந்தியது இராட்டை பொறித்த மூவண்ணக் கொடியே. மலாயாத் தோட்டங்களிலிருந்து திரளாகச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர், பருத்தி பயிரிட முயன்றவரெல்லாம் தோற்ற இத்தீவில், அந்த இராட்டைக்கு வணக்கம் செலுத்தினர்.

1947 சூலை 22ஆம் நாள் இராட்டை இருந்த இடத்தில் அசோகச் சக்கரம் அமைந்தது. துணி மட்டும் கதராகவே நீடித்தது. பின்னாளில் கருநாடகத்து ஹூப்ளியிலுள்ள கதர்ச் சங்கம், இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை பெற்றுக் கொடி செய்தது. நூற்போரும் நெய்வோரும் தைப்போரும் அதனால் வாழ்ந்தனர்.

சிங்கப்பூர் சென்ற வழி வேறு. டாக்டர் தோ சின் சை தலைமையிலான குழு உருவாக்கிய செவ்வெண்கொடி, 1959 டிசம்பர் 3ஆம் நாள் நகர மண்டபத்தில் மக்கள்முன் ஏற்றப்பட்டது. பிறையும் ஐந்து விண்மீன்களும் பல இனத்தாரையும் ஒருங்கே பிணைத்தன. 1959ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் 2022இல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டமும் கொடியை மதித்துப் பயன்படுத்தும் முறையையே முதன்மையாகக் கருதின. வாணிகத்தால் வாழும் துறைமுக நகருக்கு இது இயல்பே.

2021 டிசம்பரில் இந்தியா விதியைத் தளர்த்தி, இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் கொடிக்கும் இடமளித்தது. மறு ஆண்டு வீடுதோறும் கொடி பறந்தது; ஹூப்ளிச் சங்கத்தாரோ தங்கள் பிழைப்புப் போகிறதென எதிர்ப்புத் தெரிவித்தனர். இருபக்கத்தும் நியாயம் உண்டு. ஏழையின் வீட்டிலும் கொடி பறக்க வேண்டின் விலை குறைதல் வேண்டும். நூற்பவள் வாழ வேண்டின் அவள் நூலுக்கு ஒருவர் விலை கொடுத்தல் வேண்டும்.

இச்சிக்கலுக்கு ஒரு வழி காட்டுவது, 2024இல் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம். நடுவண் அரசு அலுவலகங்கள் வாங்கும் தேசியக் கொடிகள் முழுவதும் உள்நாட்டில், உள்நாட்டுப் பொருளாலேயே செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என அது விதித்தது. முன்னர்ப் பாதியளவு போதுமாயிருந்தது. குடிமக்கள் வாங்கும் கொடியை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

குடிமகன் தன் வருவாய்க்கேற்ற கொடியை ஏற்றட்டும். அரசு வாங்குவதோ மக்கள் வரிப்பணத்தில். அந்தப் பணம் கொடி நெய்யும் கைகளுக்கே திரும்பினால், கொடிக்கும் பெருமை, நெய்தவர்க்கும் சோறு.