மடக்கு இறக்கை விமானம்: சாலைவழி இழுத்துச் செல்லல்

இறக்கைகளைப் பின்னோக்கித் திருப்பி உடலோடு ஒட்டி மடித்துக்கொள்ளக்கூடிய சிறு விமானத்தை டிரெய்லரில் ஏற்றி, காரோ ஜீப்போ கொண்டு இழுத்துச் செல்லும் முறை. விமானத்தை வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, ஓடுதளம் உள்ள ஊரிலிருந்து பறக்க இது வழிசெய்கிறது. இயங்கும் ஓடுதளம் இல்லாத காரைக்கால் போன்ற பகுதிக்கு இம்முறை பொருந்தும். காரைக்காலிலிருந்து சாலைவழியே புதுச்சேரியின் லாசுப்பேட்டை விமான நிலையம் ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

மடக்கு இறக்கை முதலில் கப்பலுக்காகவே வளர்ந்தது. இங்கிலாந்தின் ஷார்ட் சகோதரர்கள் 1913 வாக்கிலேயே கடற்படைக்கு இத்தகைய விமானங்களைக் கட்டினார்கள். தனியாருக்கு அதைக் கொண்டுவந்தது 1925-இல் பறந்த டி ஹாவிலண்ட் மாத். இறக்கையை மடித்து, காரின் பின்னால் இழுத்துப்போய் ஷெட்டில் விடலாம் என்பது அதன் விற்பனைக்குப் பெரிதும் உதவியது. இந்தியாவின் முதல் பறக்கும் கழகங்கள் மாத் விமானங்களில்தான் பயிற்சி தந்தன. பின்னாளில் இந்தியக் கடற்படையின் பழைய ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த சீ ஹாக், அலிசே விமானங்களின் இறக்கைகள் மேல்நோக்கி மடிந்தன. கப்பல் தளத்துக்கு அது சரி. சாலையில் உயரம் ஆபத்து. 2019 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலும், 2022 நவம்பரில் ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டத்திலும் லாரியில் சென்ற பழைய விமானங்கள் பாலத்தடியில் சிக்கி நின்றன. சாலைக்கு உகந்தது பின்னோக்கி மடியும் இறக்கையே. கிட்ஃபாக்ஸ் போன்ற இன்றைய இருவர் அமரும் விமானங்கள் அப்படி மடிந்தபின் சுமார் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் அடங்குகின்றன. இந்தியாவில் வாகன அகலத்துக்கான உச்சவரம்பு 2.6 மீட்டர்.

காவிரி டெல்டா மக்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. டயரில் ஓடும் பெரிய நெல் அறுவடை இயந்திரங்கள், தூரம் போகும்போது முன்னாலுள்ள அகலமான வெட்டுப்பகுதியைக் கழற்றி நீளவாக்கில் பின்வண்டியில் வைத்து இழுத்துப் போகின்றன.

விமானத்துக்கு வானத்தைவிடச் சாலை கடினமானது. பறக்கும்போது இறக்கையின் சுமை நீளம் முழுவதும் பரவி, இறக்கையின் முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் உடலோடு பூட்டும் பின்கள் (pin), தாங்குகோல் (strut) ஆகியவற்றின் வழியே உடலுக்கு இறங்குகிறது. மடிக்கும்போது முன்சட்ட பின்னை உருவிவிடுகிறோம். அதன்பின் இறக்கை பின்பக்கக் கீலிலும் தாங்குகோலிலும் மட்டுமே தொங்குகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் எடை சில கணங்களுக்குப் பெருகி அந்தக் கீலைத் தாக்கும். ஆகவே இறக்கை நுனியருகே மெத்தையிட்ட தாங்கி வைத்து, இறக்கையை உடலோடு ஆடாமல் பிணைப்பது கட்டாயம். இறக்கைத் தொட்டியில் எரிபொருள் இருந்தால் வடித்துவிட வேண்டும். பத்து லிட்டர் பெட்ரோல் ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ளது.

பலர் கவனிக்காத ஒன்று: இறக்கை பின்னே போனதும் விமானத்தின் எடைமையமும் பின்னே நகர்கிறது, வால் கனக்கிறது. டிரெய்லரில் விமானத்தின் இடத்தை மடித்த நிலையில் எடைபோட்டே முடிவுசெய்ய வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குவது நல்லது. அது மிகக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஏறிவிட்டால் ஓட்டுநரால் மீட்பது அரிது. பெல்ட்டுகளைச் சக்கரக் கால்களில் கட்ட வேண்டும், தாங்குகோலில் கட்டக் கூடாது. சுக்கானும், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஏலரான்களும் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி பூட்டப்பட வேண்டும். புரொப்பெல்லரைக் கிடையாக நிறுத்திக் கட்டி, உறை போட்டால் கல் தெறித்துச் சேதமாகாது.

விமானத்தை அதன் சக்கரங்களிலேயே உருட்டி இழுப்பது தவறு. அவற்றின் பேரிங்குகள் ஓடுதளத்தின் சில நிமிட ஓட்டத்துக்கு உரியவை. நெடுஞ்சாலையில் சூடேறிக் கெட்டுப்போகும். சட்டமும் இடம் தராது: சாலை ஒழுங்குமுறைகளின்படி பழுதான அல்லது முழுதும் பூட்டப்படாத மோட்டார் வாகனம், பதிவுபெற்ற டிரெய்லர், சைடுகார் தவிர வேறெதையும் இழுக்கக் கூடாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு தேவை; காரைக்காலில் அது பி.ஒய்.02 வரிசையில் வரும். புதுச்சேரிக்குப் போவதென்றாலும் நண்டலாற்றைத் தாண்டியதும் தமிழ்நாடு என்பதால், டிரெய்லர், விமானம் இரண்டின் ஆவணங்களும் கையில் இருக்க வேண்டும்.

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 32 கடலுக்கு இணையாக, வடக்கு தெற்காகப் போகிறது. முற்பகல் கடந்து எழும் கடற்காற்று கிழக்கிலிருந்து டிரெய்லரின் விலாவில் நேராக மோதும். தரங்கம்பாடிப் பக்கத்துத் திறந்த வெளிகளிலும் கொள்ளிடப் பாலத்திலும் இது நன்றாகத் தெரியும். விடியற்காலையில் புறப்படுவதே அறிவுடைமை. அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயும், அகலம் குறையும். சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக் கோயில் கூட்டமும், ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழாவும் நகரைக் கடப்பதையே கடினமாக்கும்.

இறக்கையை விரித்தபின் செய்யும் சோதனையை அவசரப்படுத்தவே கூடாது. ஒவ்வொரு பின்னும் முழுதாக இறங்கி, காப்பு ஊசி மாட்டப்பட்டதா, ஏலரான் இணைப்பு சரியான திசையில் அசைகிறதா, எரிபொருள் குழாய் நசுங்காமல் இருக்கிறதா என்று பூட்டியவர் பார்த்தபின் இன்னொருவரும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பியதும் கீல்களையும் பின் துளைகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கிரீஸ் இட வேண்டும். காரைக்கால் காற்றில் உப்பு உண்டு. பின் துளைக்குள் பிடிக்கும் துரு வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.